பாரம் ஏற்றிப் பார்த்த வெளிச்சம்

அந்த வேனின் பின்கதவில் 'வேன்காரி' என்று எழுதியிருக்கும். சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம். அந்தப் பெயரை அந்த வண்டியை ஓட்டுகிறவளுக்கு வைத்தவர்கள் அவளைப் பெற்றவர்கள் இல்லை. நாத்தனார் வைத்த பெயர் அது, ஆசையாக வைத்ததும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள், தையல்காரர் வீட்டு மருமகள் தானே ஸ்டியரிங்கைப் பிடித்துத் தெருவுக்குள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வாசலில் நின்றிருந்த நாத்தனார் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "பாருங்கடி, எங்க தம்பிக்கு ஒரு பொண்ணு பாருங்கன்னா, தரகர் ஒரு வேன்காரியப் பிடிச்சிட்டு வந்திருக்காரு" என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் உள்ளே போய் அழுதிருப்பாள். இவள் மறுநாளே போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்து, அந்த வார்த்தையையே கதவு நிறைய எழுதவைத்தாள். எழுதி முடிந்ததும் நாத்தனாரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டி, "அண்ணி வச்ச பேரு, வீணாப் போகக் கூடாது பாருங்க" என்றாள். அன்றிலிருந்து ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வேன் இரண்டு தடவை மாறிவிட்டது. எழுத்து மாறவில்லை.

அவளுடைய அப்பா ஆஸ்பத்திரி வண்டி ஓட்டியவர். அவருக்கு மூன்றும் பெண். மூத்தவள் அம்மா ஜாடை, கடைக்குட்டி அத்தை ஜாடை, நடுவில் பிறந்த இவள் அப்பாவை உரித்து வைத்தவள். வண்டி ஓட்டும் கை அப்பாவிடமிருந்து வந்தது சரி, பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அப்பாவுடைய பெரியப்பாவைச் சொல்வார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் வைத்தியரோடு சண்டை வந்து, பாதி பிடுங்கிய பல்லோடு நாற்காலியை விட்டு எழுந்து வந்த மனுஷர் அவர். மீதிப் பாதியைச் சாகிறவரைக்கும் வாயிலேயே வைத்திருந்தார். அந்த ரத்தம் இது.

கட்டிக்கொண்டவர் நேர் எதிர். சட்டை தைக்கிறவர். பேச்சே குறைவு. பேசப் பிடிக்காது என்றில்லை. வாயில் எந்நேரமும் குண்டூசி இருக்கும், அதனால். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைக்க ஆரம்பித்தால், ஏதோ சொல்லப் போகிறார் என்று வீடு அடங்கிவிடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படி நடக்கும்.

இப்படியே காலம் ஓடி, மகன் வளர்ந்து ஆபீஸ் வேலைக்குப் போய், அவனுக்கும் கல்யாணமாகி, வேன்காரிக்கு அறுபதும் தாண்டிவிட்டது. வேலை மட்டும் அதே வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து மொத்தச் சந்தைக்குக் காலி வண்டியாகப் போவாள். வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஏற்றிக்கொண்டு, கடை கடையாக இறக்கிக்கொண்டு வருவாள். சந்தைக்குப் போகிற வழி வாய்க்கால் கரையோரம். குறுகல் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரம், தெருவிளக்கு என்ற பேச்சே கிடையாது.

ஒருநாள் அந்த ரோட்டில் ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் பார்த்தாள். சைக்கிளுக்குப் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு வில்லை இல்லை, அவர் போட்டிருந்ததும் கறுப்புச் சட்டை. மயிரிழையில் பிரேக் பிடித்தது. அந்த ஆள் இறங்கி, "கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்காரு கிழவி!" என்று கத்திவிட்டுப் போனார். அவரைத் திட்ட இவளுக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அன்றைக்கு அதில் ஒன்றைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்து இதைத் தையல்காரரிடம் சொன்னாள். அவர் வாயில் ஊசி இருந்தது, அதனால் கேட்டுக்கொண்டார். ஆனால் பக்கத்து அறையில் நாத்தனார் இருந்தாள். அவள் வாயில் ஊசி இல்லை. சாயங்காலத்துக்குள் மகனுக்குத் தெரிந்து, மருமகளுக்குத் தெரிந்து, மருமகளுடைய அம்மா போனில் அழைத்து, "சம்பந்திக்குப் பார்வை போயிடுச்சாமே" என்று துக்கம் விசாரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மகன் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்தார், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணாடி போட்டா பார்வை நல்லாவே இருக்கு. வண்டி ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நாத்தனார் கேட்டாள், "அப்புறம் ஏன் சைக்கிள் தெரியல?"

"வண்டி லைட்டு மங்கல் அண்ணி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

வேன்காரி நேராக வாசலுக்குப் போனாள். வேனுக்கு முன்னால் குனிந்து, முந்தானையால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். எத்தனை துடைத்தாலும் மஞ்சள் போகவில்லை. வெயிலில் வெந்து வெந்து, உள்ளே இருக்கிற பல்பே தெரியாத அளவுக்குப் பூத்துப் போயிருந்தது. அங்கிருந்தே உள்ளே பார்த்துக் கத்தினாள். "டேய், இங்க வந்து பாரு! புரை எனக்கு இல்லடா, வண்டிக்கு!"

மறுநாள் வண்டி எலக்ட்ரிஷியனிடம் போனாள். அவருக்கு மின்னல் என்று பெயர். வேகமாக வேலை செய்வார் என்பதால் வந்த பெயர் இல்லை. கடையில் பளிச்சென்று தெரிவார், நாம் வண்டியை நிறுத்துவதற்குள் டீ குடிக்கக் காணாமல் போய்விடுவார். அன்றைக்கு ஆள் இருந்தார்.

"லைட்டு நல்லாத் தெரியணும், அவ்வளவுதானேக்கா? இப்ப எல்லாரும் எல்.இ.டி.தான் மாத்தறாங்க. பழசைக் கழட்டிட்டுச் சொருகினா முடிஞ்சது வேலை." அட்டைப்பெட்டியில் சிங்கம் படம் போட்ட ஒரு ஜோடியைச் சொருகிப் போட்டுக் காட்டினார். கடைச் சுவரில் பட்டப்பகல் விழுந்தது. வேன்காரிக்குப் பிடித்துப் போயிற்று.

அந்தப் பிடித்தம் ஒரே ஒரு காலைதான் இருந்தது. மறுநாள் தூறல். வாய்க்கால் ரோட்டில் ஏறி விளக்கைப் போட்டால், முன்னால் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி தூறல்தான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அது மரத்துக்கு மேலே போயிற்று, வாய்க்காலுக்குள்ளே போயிற்று, போக வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று. மரத்தில் தூங்கிய காக்காய்கள் விடிந்துவிட்டது என்று எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டன.

நேராக மின்னல் கடைக்கு வந்தாள். "தம்பி, நான் உருளைக்கிழங்கு ஏத்துறவ. காக்காய எழுப்பிவிட எனக்கு யாரும் கூலி தரல. கழட்டு இத."

மின்னல் தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. விளக்குக்குப் பின்னால் இருக்கிற பளபளப்பான கிண்ணம், பழைய கம்பி பல்புக்கு அளவெடுத்துச் செய்தது. கம்பி எரிகிற அதே இடத்திலிருந்து வெளிச்சம் புறப்பட்டால்தான் கிண்ணம் அதைச் சேர்த்து ரோட்டுக்கு அனுப்பும். இல்லாவிட்டால் கண்ட இடத்துக்கும் சிதறும். "எல்லாரும் கேக்கறாங்களேன்னு நானும் சொருகிடறேன்க்கா" என்றார்.

"எல்லாரும் கேட்டாங்கன்னா என் புருஷன் பேன்ட்டுக்கு மூணு கால் வச்சுத் தைப்பாரா?"

அதற்குப் பிறகு மின்னல் டீக்குப் போகாமல் வேலை செய்தார். அந்தக் கிண்ணத்துக்குச் சேருகிற நல்ல கம்பி பல்பாகப் பார்த்து வாங்கிப் போட்டார். விளக்குக் கண்ணாடியை உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பளிங்காக்கினார். நூல் மாதிரி இருந்த பழைய ஒயரில் பாதிக் கரண்டு வழியிலேயே செத்துப் போகிறது என்று, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து நடுவில் ஒரு ரிலே சுவிட்சும் வைத்தார். கடைசியாக எதிர்ச்சுவரில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு கிழித்து, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிற மாதிரி விளக்குத் திருகைத் திருகி நிறுத்தினார்.

அடுத்த நாள் விடிகாலையில் ரோடு, வெட்டுவதற்கு விரித்த துணி மாதிரி அவள் முன்னால் கிடந்தது. குழி தெரிந்தது, குழிக்குள் கிடந்த கல் தெரிந்தது. அதே சைக்கிள்காரர், அதே கறுப்புச் சட்டை, வெகு தூரத்திலேயே தெரிந்தார். பக்கத்தில் போகும்போது ஜன்னலை இறக்கி, "கிழவி வீட்டுல உக்காரல!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சந்தோஷமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெளியே மழை மூடிக் கும்மிருட்டாக இருந்தது. தையல்காரர் பெஞ்சில் வைத்திருந்த விளக்கை எரியவிட்டுக் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். மகன், மருமகள், நாத்தனார் எல்லாரும் இருந்தார்கள். அப்போது கொழுந்தன் உள்ளே வந்தான். தையல்காரருக்குத் தம்பி, நாத்தனாருக்குக் கடைசித் தம்பி, தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கால்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு.

"அண்ணி! என்னைக் கொல்லணும்னா சோத்துல விஷம் வைங்க, தின்னுட்டுச் சாகறேன். ரோட்டுல வேணாம்!"

"உள்ள வரும்போதே சாவா? உக்காரு. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? விடிகாலை இருட்டுல வாய்க்கால் ரோட்டுல உங்க லைட்டு கண்ணுல அடிச்சு, ஒண்ணும் தெரியாம கரையில எறக்கிட்டேன். ரெண்டு சக்கரம் சேத்துல. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தா நானும் லாரியும் வாய்க்காலுக்குள்ள. மத்தியானம் வரைக்கும் ஆள் வச்சுத் தூக்கியிருக்கேன்!"

"நான் டிம்முலதான் வந்தேன்" என்றாள் வேன்காரி.

"போகும்போது டிம்மு, ஒத்துக்கறேன். சந்தைக்குப் போகும்போதும் எதுக்க வரேன், கண்ணுக்குக் குளிர்ச்சியா போறீங்க. திரும்பி வரும்போதுதான் பிரைட்டப் போட்டுக் குத்துறீங்க. இன்னைக்கு மட்டுமில்ல, தினம் இதே கதை. போகும்போது மனுஷி, வரும்போது பிசாசு!"

"போகும்போதும் டிம்மு, வரும்போதும் டிம்முடா!"

"பொய்! எம் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க வண்டிய வைக்காம வேற வண்டி வச்சேன்னு இன்னும் மனசுல வச்சிருக்கீங்க."

"வச்சிருக்கேன். இல்லன்னு சொல்லல. அதுக்காக ரோட்டுல கண்ணக் குத்துவேனா? குத்தணும்னா இங்கயே குத்துவேன், பக்கத்துலதான நிக்கிற."

மகன் நடுவில் வந்தான். கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் அவனுக்கு. "அம்மா, போதும்மா. லைட்டு இல்லன்னா ஆபத்து, லைட்டு போட்டாலும் ஆபத்து. நம்ம வண்டிய ஒருத்தர் விலைக்குக் கேட்டுட்டே இருக்கார். குடுத்துடலாம். ஓட்டினது போதும்."

"ஆமாம் அத்தை" என்றாள் மருமகள் மெதுவாக. "நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா, பழி உங்க மேலதான் வரும்."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்று நாத்தனார் தொடங்கினாள். அவள் அன்றைக்கே சொல்லாதது எதுவுமே இந்தக் குடும்பத்தில் கிடையாது.

வேன்காரி இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். "சாவி இங்கதான் இருக்கு. எடுக்கறவங்க முன்னாடி வாங்க பாக்கலாம்."

யாரும் போகவில்லை. தையல்காரர் மட்டும் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வீடு அடங்கியது. "அவ பிரைட்டப் போடலன்னா போடல. அவ சண்டை போடுவா, பொய் சொல்ல மாட்டா" என்றார். மறுபடி ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்த வருஷத்துப் பேச்சு அதோடு முடிந்தது.

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று கொழுந்தன் எகிற, "நீ சேத்துல நின்னது பொய்யாடா!" என்று நாத்தனார் தம்பிக்குப் பரிந்துகொண்டு எழுந்தாள். எழுந்து, கையை நீட்டி ஒரு பாட்டம் பேசிவிட்டு, நாற்காலி எட்டாததால் தையல் பெஞ்சின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அந்தப் பெஞ்சுக்குக் கால்கள் நடுப்பக்கமாக உள்ளடங்கி இருக்கும். ஓரத்தில் உட்காரக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோபத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாத்தனார் உட்கார்ந்த பக்கம் கீழே போயிற்று, எதிர்ப் பக்கம் மேலே எழும்பிற்று. அந்தப் பக்கத்தில் மாட்டியிருந்த விளக்கு, அதுவரைக்கும் சாதுவாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது, சட்டென்று நிமிர்ந்து கொழுந்தன் முகத்தில் அடித்தது.

"ஐயோ, கண்ணு! லைட்டத் திருப்புங்க!" என்று அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

தையல்காரர் பாய்ந்து பெஞ்சை அமுக்கினார். "அண்ணி, அசையாதீங்க!" என்றாள் வேன்காரி.

எழுந்திருக்கப் போன நாத்தனார் அப்படியே நின்றாள். "என்னடி?"

"எழுந்திருக்காதீங்க. மறுபடி உக்காருங்க. நல்லா உக்காருங்க."

நாத்தனார் மறுபடி உட்கார்ந்தாள். விளக்கு மறுபடி நிமிர்ந்தது. கொழுந்தன் மறுபடி கத்தினான். வேன்காரி பெஞ்சைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், நாத்தனார் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "போகும்போது காலி வண்டி. வரும்போது பின்னாடி மூட்டை. பின்னாடி அமுங்கினா முன்னாடி தூக்கும். முன்னாடி தூக்கினா லைட்டு மேல பாக்கும்! தம்பி, நீ சொன்னதும் நெசம், நான் சொன்னதும் நெசம்."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களேம்மா" என்றான் மகன். "இத்தனை வருஷமா மூட்டை ஏத்துறீங்க, இத்தனை வருஷம் யாருக்கும் கண்ணு கூசலையே?"

"அப்ப எங்க லைட்டு இருந்துச்சு? சீக்காளி முறைச்சா யாருக்குத் தெரியும்? இப்பதான உடம்பு தேறியிருக்கு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "மின்னல் காலி வண்டிய வச்சுக் கோடு போட்டிருக்கான். பாரத்தோட போடணும். வாங்க, இப்பவே போவோம்."

"சந்தை காலையிலயே முடிஞ்சு மூடியாச்சு. பாரத்துக்கு எங்க போவீங்க?" என்றான் மகன்.

வேன்காரி அறையை ஒரு சுற்று பார்த்தாள். "பாரமெல்லாம் இங்கதான உக்காந்திருக்கு."

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் கத்தி முடிக்கிறவரைக்கும் நின்றாள். முடிந்ததும் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "பாரத்தோட லைட்டத் திருப்பி வைக்கறேன். மில்லுக்குப் பின்னாடி ரோடு காலியா கிடக்கும். கொழுந்தன் எதுக்க லாரியில வரட்டும். கண்ணு கூசுச்சுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தச் சாவிய நானே குடுத்துடறேன். வித்துக்கோ, எடைக்குப் போட்டுக்கோ. கூசலன்னா, அப்புறம் இந்த வீட்டுல விக்கறதுங்கற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது."

கொழுந்தன் எல்லாரையும் பார்த்தான். "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான் கறாராக.

"தெரியும். அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன்."

மழை விட்டு, வெளிச்சம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் வேன் மின்னல் கடை முன்னால் போய் நின்றது. கொழுந்தன் லாரியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக மில்லுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தான். மின்னல் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எல்லாரும் காலி வண்டியத்தான்க்கா கொண்டு வராங்க. மூட்டையோட எவன் வரான்?"

முதலில் காலி வண்டியாக விளக்கைப் போட்டார்கள். டிம் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே ஒழுங்காக நின்றது. "இப்ப ஏறுங்க" என்றாள் வேன்காரி, பின்கதவைத் திறந்து.

மகன் ஏறி, மருமகளுக்குக் கை கொடுத்தான். தையல்காரர் தன் பங்குக்கு இரும்பு இஸ்திரிப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நாத்தனார் மட்டும் நகரவில்லை.

"நான் எதுக்கு? இத்தனை பேர் போதாதா?"

"போதாது அண்ணி. நீங்க ஒருத்தரே ரெண்டு மூட்டை."

"ஒண்ணரைதான்!"

"சரி, ஒண்ணரை. அந்த ஒண்ணரை இல்லாம என் வண்டி சரியாகாது. ஏறுங்க."

நாத்தனாரை ஏற்றுவதற்கு மகன் மேலேயிருந்து இழுக்க வேண்டியிருந்தது, மின்னல் கீழேயிருந்து ஸ்டூல் போட வேண்டியிருந்தது. அப்படியும் எடை போதவில்லை. மூட்டை ஏற்றிய வண்டி எவ்வளவு தாழும் என்பது வேன்காரிக்குச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை வைத்துப் பார்த்தாலே தெரியும். கடை மூலையில் குவிந்து கிடந்த செத்த பேட்டரிகளைக் காட்டி, "அதையும் தூக்கிப் போடு" என்றாள். மின்னல் தூக்கிப் போடப் போட, கையை வைத்து வைத்துப் பார்த்து, "இப்ப சரி. இதுதான் என் வண்டி" என்றாள்.

விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, மாடி ஜன்னலில் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருய்யா அது?" என்று அதட்டினார்.

வண்டிக்குள்ளிருந்து மகன் எட்டிப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

மின்னல் திருப்புளியோடு விளக்குக்கு முன்னால் குந்தினார். வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கி, சுவருக்கு வந்து, மெள்ள மெள்ளக் கோட்டுக்குக் கீழே வந்தது. நாத்தனார் உள்ளே இடம் மாற்றி உட்கார்ந்தால் அது ஆடியது.

"அண்ணி, பாரம் நகரக் கூடாது."

"காலு மரத்துப் போச்சுடி!"

"பாரம் பேசவும் கூடாது."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் புருஷன் தோளில் புதைத்துக்கொண்டாள். இரண்டு விளக்கையும் திருகி முடித்து மின்னல் எழுந்தார். "அக்கா, இப்படி வச்சா, காலியா போகும்போது ரோடு கிட்டக்கதான் தெரியும். தூரம் தெரியாது."

"காலியா போறப்ப மெதுவாப் போறேன். மூட்டை வாங்கப் போறவளுக்கு என்ன அவசரம்? யாரையும் குருடாக்கிட்டு நான் வேகமாப் போக வேணாம்."

மில்லுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. மில் மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த முனையில் கொழுந்தனின் லாரி, தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்றது. இந்த முனையில் வேன், குடும்பத்தையும் பேட்டரிகளையும் சுமந்துகொண்டு நின்றது. இருட்டு நன்றாக இறங்கியிருந்தது. வேன்காரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். விளக்கைப் போட்டு, டிம்முக்குத் தள்ளி, கியர் போட்டாள். இந்த ரோடு முடிகிற இடத்தில் தான் வேன்காரியா, வெறும் தையல்காரர் பெண்டாட்டியா என்பது தெரிந்துவிடும்.

லாரி எதிரே வந்தது. பாதி ரோட்டில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டின. லாரி கொஞ்ச தூரம் போய் நின்றது. வேனும் நின்றது.

கொழுந்தன் இறங்கி நடந்து வந்தான். வேன்காரியும் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டே, பின்கதவில் சாய்ந்து நின்றாள். சாவி கையில் இருந்தது.

"என்ன தம்பி? கூசுச்சா?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "இல்ல."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"இல்ல அண்ணி, இல்ல! கூசல. ரோடுதான் தெரிஞ்சுது, போதுமா?"

பின்கதவுக்கு மேலிருந்து மகன், "சரிம்மா. வண்டிய விலைக்குக் கேட்ட ஆளுக்கு நாளைக்கே இல்லன்னு சொல்லிடறேன்" என்றான். யாரும் கேட்காமல் அவனே சொன்னது அது. வேன்காரி சாவியை இடுப்பில் செருகினாள். ஆனால் கண்ணைக் கசக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கூசுச்சு" என்றாள்.

"என்னது?"

"நீ டிம்முலதான வந்த?"

"சத்தியமா டிம்முதான்."

"தெரியும். நீயும் பொய் சொல்ல மாட்ட. லாரியில தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ஃபுல்லா இருக்..." அவன் பாதியிலேயே நிறுத்தினான். திரும்பித் தன் லாரியைப் பார்த்தான். பின்பக்கம் தண்ணீர்ப் பாரத்தில் குந்தியிருக்க, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற லாரியின் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மில் சுவரின் உச்சியில் கிடந்தது.

"வாய்க்கால் ரோட்டுல உனக்கு எதுக்க நான் மட்டுமா வரேன்?" என்று கேட்டாள் வேன்காரி. "சைக்கிள்காரங்க வராங்க, பால்காரங்க வராங்க. அவங்களுக்கு உன்னை மாதிரி வீட்டுக்கு வந்து கத்தத் தெரியல, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில தண்ணிய ரொப்பிக்கிட்டு மின்னல் கடைக்கு வா. அதுவரைக்கும் லாரி இங்கயே நிக்கட்டும். சாவியக் குடு."

"என் சாவியா? விளையாடறீங்களா அண்ணி? நான் எதுக்கு..."

அப்போது வேனுக்குள்ளிருந்து, பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து, இத்தனை நேரம் பேசாமல் இருந்த பாரம் பேசியது.

"குடுடா!" என்றாள் நாத்தனார். "வேன்காரி கேக்கறா இல்ல?"